விமானியும் லோகோ பைலட்டும்: சம்பளத்தை எது தீர்மானிக்கிறது?

அதிகாலை மூன்று மணிக்குச் சென்னையில் இரண்டு பேர் ஒரு சின்னக் கருவிக்குள் மூச்சை ஊதுகிறார்கள். ஒருவர் மீனம்பாக்கத்தில் நாளின் முதல் விமானத்தை எடுக்க வந்த கேப்டன். மற்றவர் ரயில்வே லாபியில் டூட்டிக்குக் கையெழுத்துப் போட வந்த லோகோ பைலட். குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் அந்தச் சோதனையில் இருவருக்கும் ஒரே சட்டம். கருவி பூஜ்யம் காட்டினால்தான் வண்டி. சமத்துவம் அதோடு முடிந்துவிடுகிறது.

கேப்டன் ஏறப்போகும் ஏர்பஸ் ஏ320-இல் ஏறக்குறைய 180 இருக்கைகள். லோகோ பைலட்டின் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கும் 24 பெட்டிகளில் ஆயிரத்துச் சொச்சம் பேர் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். (முன்பதிவில்லாப் பெட்டியில் தூங்குவது அவரவர் சாமர்த்தியம்.) தலைக்கு இவ்வளவு என்று கூலி போட்டால் கோடீஸ்வரர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. உலகம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. இந்திய நிறுவனமொன்றில் உள்நாட்டு ஜெட் ஓட்டும் கேப்டனுக்கு இன்று மாதம் ஆறேழு லட்ச ரூபாய் சாதாரணம். கண்டம் தாண்டும் பெரிய விமானமென்றால் இன்னும் மேலே. துணை விமானி இரண்டு லட்சத்தை ஒட்டித் தொடங்குகிறார். ரயில்வேயில் உதவி லோகோ பைலட்டாகச் சேர்பவருக்கு ஏழாவது ஊதியக் குழுவின் இரண்டாம் நிலை, அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, ஓடிய கிலோமீட்டருக்கான படி எல்லாம் சேர்ந்து கைக்கு நாற்பதாயிரம் சொச்சம் வரும். இருபது இருபத்தைந்து வருடம் சரக்கு, பாசஞ்சர் என்று ஏறி வந்து மெயில், எக்ஸ்பிரஸ் ஓட்டும் காலத்தில் ஒன்றரை லட்சத்தைத் தொடலாம். அப்போதும் அது, போன மாதம் வேலைக்குச் சேர்ந்த துணை விமானியின் சம்பளத்துக்குக் கீழேதான்.

இந்த இடைவெளிக்குக் கேட்ட உடனே வரும் பதில், விமானம் ஓட்டுவது கஷ்டம் என்பது. பாதி உண்மை. விமானத்தைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்க்க முடியாது. காற்று, மேகம், எஞ்சின் கோளாறு எல்லாவற்றுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் உட்கார்ந்து தன்னை நிரூபிக்க வேண்டும். அதில் தவறினால் அடுத்த விமானம் கிடையாது. ஆனால் ஐந்தாயிரம் டன் நிலக்கரியை இழுத்துக்கொண்டு இறக்கத்தில் வரும் ஒருவரின் வேலையை எளிது என்று சொல்பவர்கள் எஞ்சினில் ஏறியவர்களாக இருக்க மாட்டார்கள். பயணிகள் வண்டியே முழு வேகத்தில் வந்தால், பிரேக் போட்டு நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆகும். எதிரே தெரிவதைப் பார்த்து ஓட்டினால் போதாது. தெரியாத வளைவுக்கு அப்பால் என்ன சிக்னல், எங்கே ஏற்றம், எங்கே லெவல் கிராசிங் என்று அந்தப் பாதையே மனப்பாடமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சிக்னலையும் கையை நீட்டிக் காட்டி ஓட்டுநரும் உதவியாளரும் வாய்விட்டுச் சொல்கிறார்கள். காக்பிட்டில் ஒருவர் படிக்க மற்றவர் பதில் சொல்லும் சரிபார்ப்புப் பட்டியலுக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான்: மனிதக் கவனம் நம்ப முடியாதது, ஆகவே இரண்டு வாய்களால் அதைப் பூட்டி வை. எஞ்சினில் இதற்கு மேலும் ஒரு பூட்டு உண்டு. ஒரு நிமிடம் எந்தக் கைப்பிடியையும் தொடாமல் இருந்தால் விளக்கு எரியும், பிறகு ஒலி எழும், அதற்கும் அசைவில்லை என்றால் பிரேக் தானாக விழும்.

கஷ்டத்தில் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அது நான்கைந்து மடங்கு வித்தியாசமல்ல.

அடுத்த பதில், படிப்புச் செலவு. இதில் சாரம் அதிகம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்த பையன் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் உள்ள அரசு அகாடமியிலேயே இதற்கு 45 லட்சத்தைச் சுற்றி ஆகிறது. அதன் மேல் ஒரு குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங், தேர்வுக் கட்டணங்கள், தங்குமிடம். 80 லட்ச ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார், வட்டி 11 சதவீதம், பத்து ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கட்ட வேண்டும். புதிய துணை விமானியின் சம்பளத்தில் பாதிக்கு மேல் வங்கிக்குப் போகிறது, வருமான வரி தனி. அதுவும் வேலை கிடைத்தவருக்குத்தான். உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் இந்த நாட்டில் குறைவில்லை. பயிற்சிப் பள்ளியின் விளம்பரப் பலகையில் அவர்கள் படம் மட்டும் வருவதில்லை.

உதவி லோகோ பைலட்டுக்குப் பத்தாம் வகுப்பும் ஐடிஐயும், இல்லாவிட்டால் டிப்ளமோவும் போதும். ரயில்வே தேர்வு வாரியத்தின் கணினித் தேர்வுகளும், கவனத்தையும் நினைவாற்றலையும் அளக்கும் ஒரு திறனறித் தேர்வும் உண்டு. அதன் பிறகு பயிற்சிச் செலவு ரயில்வேயுடையது. பயிற்சிக் காலத்தில் அவருக்குப் பணமும் கொடுக்கிறார்கள். 2024-இல் இந்த வேலைக்கு 5,696 இடங்கள் என்று அறிவித்து, பிறகு 18,799 ஆக உயர்த்தினார்கள். பொறியியல் முடித்தவர்களும் ஆசையோடு எழுதினார்கள். கடனே இல்லாமல் கிடைக்கும் மத்திய அரசு வேலை வேறு எப்படி இழுக்கும்?

ஆக, விமானியின் சம்பளத்தில் ஒரு பங்கு, அவர் தன் தலையில் ஏற்றிக்கொண்ட பயிற்சிச் செலவுக்கான ஈடு. ஆனால் கடன் பத்து ஆண்டில் தீர்ந்துவிடும். சம்பளம் அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டேதான் போகிறது. அப்படியென்றால் செலவும் முழுக் காரணம் இல்லை.

காரணத்தை இருவரின் ஓய்வு விதிகளில் தேடினால் கிடைக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டு தொழிலும் உடம்பின் கடிகாரத்தைக் குலைப்பவை. சரக்கு ரயில் ஓட்டுபவருக்கு அட்டவணையே கிடையாது. இரவு பதினொன்றுக்குப் போன் வரும், இரண்டு மணி நேரத்தில் லாபியில் நிற்க வேண்டும். விதிப்படி ஒரே ஓட்டமாக 9 மணி நேரம், முன்கூட்டிச் சொல்லிவிட்டால் 11 மணி நேரம் வரை. வெளியூரில் வண்டியை ஒப்படைத்துவிட்டு ஜோலார்பேட்டையிலோ ஈரோட்டிலோ ரன்னிங் ரூமில் எட்டு மணி நேரம் படுத்து எழுந்தால் திரும்பும் வண்டி. சொந்த ஊரில் முழு டூட்டிக்குப் பிறகு 16 மணி நேர ஓய்வு. வார ஓய்வு என்பது மாதத்தில் நான்கு முறை 30 மணி நேரம், அல்லது ஐந்து முறை 22 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை என்ற சொல்லுக்கு இவர்கள் வீட்டில் பொருள் இல்லை. எஞ்சினில் கழிப்பறை இல்லாததைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். புதியவற்றில் வரத் தொடங்கியிருக்கிறது. பழையவற்றில் பெரும்பாலும் இல்லை. பெண் லோகோ பைலட்டுகளுக்கு இது வசதிக் குறைவு என்பதோடு நிற்கும் விஷயமா? சாப்பாட்டுக்கும் இயற்கை உபாதைக்கும் விதியில் இடைவேளை வேண்டும் என்ற கோரிக்கையை, நடைமுறைக்கு ஒத்துவராது என்று 2025-இல் ரயில்வே வாரியம் தள்ளிவிட்டது.

விமானியின் வாழ்க்கையில் பகட்டு என்று வெளியே தெரிவது ஓட்டல் அறை, வீட்டு வாசலுக்கு வரும் கார், சீருடையின் தோளில் நான்கு கோடுகள். ஓட்டல் அறையின் திரையை இழுத்து விட்டுப் பகலில் தூங்க முயல்வதும், மதுரையில் இருக்கிறோமா மும்பையில் இருக்கிறோமா என்று விழித்ததும் யோசிப்பதும் வெளியே தெரியாது. ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்பது விதி. அக்கம்பக்கத்தார் இதைக் கேட்டுவிட்டு “நாளைக்கு மூணு மணி நேர வேலைதானே” என்பார்கள். விமானம் நகர்வது முதல் நிற்பது வரை உள்ள நேரம் மட்டும்தான் அந்தக் கணக்கு. தரையில் காத்திருப்பதும், அடுத்த விமானம் தாமதமாவதும் அதில் சேராது. 2023 ஆகஸ்டில் நாக்பூர் விமான நிலையத்தில் ஒரு விமானி, தன் விமானத்தில் ஏறப்போகும் நேரத்தில் வாயிலருகே சரிந்து விழுந்து இறந்தார். சோர்வு பற்றிய பேச்சு அதன் பிறகு சூடுபிடித்தது.

2024 சனவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் புதிய பணிநேர விதிகளை வெளியிட்டது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 6 வரை என்று நீண்டது. இரவில் ஆறு முறை தரையிறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. நிறுவனங்கள் முரண்டு பிடித்தன. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. கடைசியில் 2025 சூலை, நவம்பர் என்று இரண்டு கட்டமாக விதி அமலுக்கு வந்தது. அந்த டிசம்பரில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்: நாட்டின் மிகப் பெரிய நிறுவனமான இண்டிகோ, புதிய விதிக்குத் தேவையான அளவு விமானிகளை வைத்துக்கொள்ளாததால் ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்தது. 5-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல். பெட்டியும் குழந்தையுமாக மக்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அரசு 2026 பிப்ரவரி 10 வரை அந்த நிறுவனத்துக்குச் சில விதிகளிலிருந்து விலக்கு கொடுத்துச் சமாளித்தது.

இதன் பக்கத்தில் 2024 சூனை வையுங்கள். தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்டுகள் ஒரு பகுதியினர் புதிதாக எதையும் கேட்கவில்லை. 16 மணி நேரத் தினசரி ஓய்வு வேறு, 30 மணி நேர வார ஓய்வு வேறு. இரண்டையும் கூட்டினால் 46 மணி நேரம். அதை எடுத்துக்கொண்டுதான் அடுத்த டூட்டிக்கு வருவோம் என்றார்கள், எடுத்தும் காட்டினார்கள். பதிலாக வந்தவை குற்றச்சாட்டுக் குறிப்பாணைகள், பணியிடை நீக்கங்கள், இடமாற்றங்கள். விமானிக்கு 48 மணி நேரம் ஓய்வு கொடுக்க ஒரு நிறுவனம் தவறியது நாட்டுச் செய்தியானது. ஏறக்குறைய அதே அளவு ஓய்வை லோகோ பைலட் எடுத்தது ஒழுங்கு நடவடிக்கையானது.

தூக்கத்துக்கு ஏங்கும் மூளை முப்பதாயிரம் அடி உயரத்தில் ஒரு மாதிரியும் தண்டவாளத்தில் வேறு மாதிரியும் நடந்துகொள்வதில்லை. வேறுபடுவது, விதியை எழுதுபவர் யார் என்பது. வானத்தில் விதி எழுதுவது இயக்குநரகம், விமானிக்கு வேலை கொடுப்பது நிறுவனம். இருவரும் நெருக்கமானவர்கள் என்று விமானிகள் புலம்பினாலும் இரண்டு தனித்தனி நாற்காலிகள். தண்டவாளத்தில் வண்டியை ஓட்டச் சொல்வதும், ஓட்டுபவர் எப்போது தூங்கலாம் என்று சொல்வதும் பெரும்பாலும் ஒரே ரயில்வே. மேற்பார்வைக்குத் தொழிலாளர் துறை இருக்கிறது. அதன் கை அவ்வளவு நீளமில்லை.

இதைவிட ஆழமான வேறுபாடு உரிமம். விமானியின் உரிமம் அவர் பெயரில், அவர் பையில் இருக்கிறது. இண்டிகோ பிடிக்கவில்லையா, ஏர் இந்தியாவுக்குப் போகலாம். இரண்டும் பிடிக்கவில்லையா, சில தேர்வுகள் எழுதி மாற்றிக்கொண்டு தோகாவுக்கோ துபாய்க்கோ போகலாம். லோகோ பைலட்டின் தகுதிச் சான்றிதழ் ரயில்வே கொடுத்தது, ரயில்வேக்குள் மட்டும் செல்லுவது, அதிலும் அவர் பாதை பழகிய பகுதிகளுக்கு மட்டும். முப்பது வருட அனுபவத்தை எடுத்துக்கொண்டு அவர் போய் நிற்க இன்னொரு வாசல் இல்லை. மெட்ரோ ரயில்கள் சிலருக்குக் கதவைத் திறந்திருக்கலாம். அது சன்னல் அளவுதான். வாங்குபவர் ஒருவர் மட்டுமே இருக்கும் சந்தையில் விலையைச் சொல்வது வாங்குபவர்.

2024 ஏப்ரலில் விஸ்தாராவில் நடந்ததைப் பார்த்தால் இது புரியும். ஏர் இந்தியாவோடு இணைவதற்கு முன்னால் அங்கே சம்பள அமைப்பை மாற்றினார்கள். பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் 70 மணி நேரத்துக்கு உறுதியாக இருந்த தொகை 40 மணி நேரமாகக் குறைந்தது. விமானிகள் கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. பலர் உடம்பு சரியில்லை என்றார்கள், வேறு இடத்தில் வேலை தேடினார்கள். நிறுவனம் விமானங்களைக் குறைத்து ஓட்ட வேண்டி வந்தது. உரிமத்தைப் பையில் வைத்திருப்பவரின் போராட்டம் அப்படித்தான் இருக்கும். லோகோ பைலட்டுகள் எதையும் பெற வேண்டுமானால் கூட்டமாகத்தான் நின்றாக வேண்டும். 1973-இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்துதான் பத்து மணி நேர வேலை என்ற உறுதியை வாங்கினார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் ஒட்டுமொத்த ரயில்வேயும் இருபது நாள் நின்று, அரசு அதைக் கைதுகளாலும் வேலை நீக்கங்களாலும் நொறுக்கிய கதை தெரிந்ததே.

நிறுவனங்களுக்கும் உரிமத்தின் பலம் தெரியும். அதனால்தான் 2017-இல் கேப்டன் வேலையை விடுவதற்கு ஓராண்டு முன்னறிவிப்பு, துணை விமானி ஆறு மாதம் என்று விதி வந்தது. வேறு எந்தத் தனியார் வேலையில் இப்படி உண்டு? பையில் இருக்கும் உரிமத்துக்குப் போட்ட சங்கிலி அது.

ஆனால் அதே உரிமம்தான் விமானியை நடுத்தெருவிலும் நிறுத்துகிறது. 2012-இல் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியது. 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி இரவு ஜெட் ஏர்வேஸ் கடைசியாகப் பறந்தது. அதற்கு முன்பே பல மாதச் சம்பளம் பாக்கி. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான விமானிகள் ஒரே நாளில் சந்தைக்கு வந்தார்கள். புதிய நிறுவனத்தில் பணிமூப்பு மறுபடி அடியிலிருந்து. ஓட்டிய விமானம் அங்கே இல்லையென்றால் இன்னொரு டைப் ரேட்டிங். 2020-இல் வானம் காலியானபோது சம்பளமில்லா விடுப்பும் வெட்டப்பட்ட சம்பளமும் விமானிகளுக்கு வந்தன. அதே ஊரடங்கில் லோகோ பைலட்டுகள் சரக்கு வண்டிகளையும் தொழிலாளர் சிறப்பு ரயில்களையும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்; சம்பளம் மாதக் கடைசியில் வந்தது. ஓய்வூதியத்திலும் அவர்களுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. ஓடும் பணியாளர் என்பதால் அடிப்படைச் சம்பளத்தோடு 55 சதவீதம் கூட்டி ஓய்வுக்காலப் பலன்களைக் கணக்கிடும் வழக்கம் பழைய ஓய்வூதியத்தில் இருந்தவர்களுக்குப் பெரிய பலம். 2004-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அந்த நிலம் அவ்வளவு உறுதியில்லை.

பழி விழும் விதத்தில் மட்டும் இரண்டு தொழில்களும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. 2024 சூன் 17 அன்று மேற்கு வங்கத்தின் ரங்காபானியில் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதியது. சிக்னலை மதிக்காமல் வந்துவிட்டார் என்று சரக்கு ரயிலின் லோகோ பைலட்டை ரயில்வே வாரியத் தலைமை அன்றே குறிப்பிட்டது. அவர் விபத்தில் இறந்துபோயிருந்தார். பதில் சொல்ல ஆளில்லை. பிறகு வந்த ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை, சிக்னல் பழுதானபோது கொடுத்த அனுமதிப் படிவமே தவறானது, ஓட்டுநர்களுக்குப் போதிய அறிவுறுத்தல் இல்லை என்று பலரது தவறுகளைப் பட்டியலிட்டது. (அந்த ஆணையம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குவது தற்செயலல்ல, ரயில்வேயை ரயில்வேயே விசாரிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு.) ஓராண்டு கழித்து, 2025 சூன் 12 அன்று, அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் இறந்தார்கள். முதற்கட்ட அறிக்கையில் இருந்த ஒரே ஒரு காக்பிட் உரையாடலைப் பிடித்துக்கொண்டு, இறந்த கேப்டனை உலகமே விசாரித்தது. இங்கும் வேறுபாடு அடுத்த கட்டத்தில்தான் தெரிகிறது. கேப்டனின் வயதான தந்தையும் விமானிகள் கூட்டமைப்பும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் அந்தத் தந்தையிடம், மகன்மேல் பழி என்ற சுமையை நீங்கள் சுமக்க வேண்டாம் என்ற பொருளில் பேசியது. ரங்காபானியில் இறந்த லோகோ பைலட்டின் பெயரே நமக்கு நினைவில் இல்லை.

கண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சின் ஓட்டச் சேர்பவர் கண்ணாடி போடக் கூடாது. இரண்டு கண்ணிலும் வெறும் பார்வை 6/6 வேண்டும். லேசர் சிகிச்சை செய்துகொண்டிருந்தாலும் ஆகாது. விமானி கண்ணாடியோடு வரலாம், கண்ணாடியோடு தெளிவாகத் தெரிந்தால் போதும். ஆறேழு லட்சம் சம்பளம் வாங்கும் வேலையைவிட நாற்பதாயிரம் சம்பள வேலைக்குக் கண் கூர்மையாக இருக்க வேண்டும் என்பது கேட்பவர்களை வியக்க வைக்கும்.

சேர்ந்த பிறகு தலைகீழ். விமானிக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை, அறுபதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. லோகோ பைலட்டுக்கு 45 வயது வரை நான்கு ஆண்டுக்கு ஒன்று, 55 வரை இரண்டு ஆண்டுக்கு ஒன்று, பிறகு ஆண்டுதோறும். நாற்பது வயதில் இருவருக்கும் இதயத்தில் ஒரு கோளாறு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். லோகோ பைலட்டை எஞ்சினிலிருந்து இறக்கிவிடுவார்கள். வேலையிலிருந்து இறக்க முடியாது. சம்பளத்தைக் குறைக்காமல் ஏதாவது ஓர் அலுவலகத்தில் நாற்காலி போட்டுக் கொடுக்க வேண்டியது சட்டம். லாபியில் மற்றவர்களுக்கு டூட்டி போடும் மேசையில் அப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம். விமானியின் கையிலிருந்து அன்றைக்குப் போவது அந்த உரிமம். உரிமம் இழந்தால் ஈடு தரும் காப்பீட்டை முன்பே எடுத்து வைத்திருந்தால் ஒரு தொகை வரும். எடுக்காதவருக்கு அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வங்கியிலிருந்து தவணைக்கான குறுஞ்செய்தி வரும்.